பாபினில் மிச்சமிருந்த நூல்

மதியம் மூன்று மணி. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து நெய்வேலி வரும் சாலை. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு... ஒரு காக்கைகூட இல்லை. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நம்ம சிவசங்கரின் மச்சான் கலியமூர்த்தி, தையல் மிஷின் மெக்கானிக். வண்டியின் பின்னால் ஒரு பழைய மிஷினைக் கட்டிக்கொண்டு வருகிறான். விற்றவன் சிங்காரவேல். அவன் பெண்டாட்டி திலகவதி தூக்கில் தொங்கிக் காரியம்கூட முடியவில்லை. அவள் தைத்த மிஷின். கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டான். பேரம் பேசாமல் விற்கிறவனிடம் பொருளைப் பார்க்காதே, கையைப் பார் என்பார் எங்கள் அப்பா. கலியமூர்த்தி பார்த்தான். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே மெல்லிய வெட்டு... நூலை இறுக்கி இழுத்ததில் அறுத்த மாதிரி. பார்த்தவன் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறிவிடுமோ என்ற பயம்.

நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீட்டில் மனைவி இளவேனில் கேட்ட முதல் கேள்வி: “செத்தவ நூலை அந்த வூட்டுலயே அறுத்துப் போட்டுட்டு வந்தீங்களா?” தொழிலில் அதுதான் வழக்கம்.

“பாதி பாபின் நூலு சும்மா வருது. வடலூர் பக்கத்துல இருந்தா எல்லாரும் வள்ளலார் ஆயிடணுமா?”

சிவப்பு நூல். மிஷினை ஸ்டாண்டில் மாட்டி ஓட்டினான். மேல் நூல் அறுந்தது. நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகைத் தளர்த்தினான். மறுபடி அறுந்தது. சரி, கீழ் நூலைப் பார்ப்போம் என்று நூல் உருளையான பாபின் இருக்கும் கேஸைக் கழற்றி, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டினான். டென்ஷன் சரியாக இருந்தால் கேஸ் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும்.

இறங்கவில்லை... ஏறியது. விரல் விரலாக, அவன் கையை நோக்கி. தேங்காய் எண்ணெய் தடவிய தலைமுடி வாசம்.

பதறிப்போய், ஒரு கையை ஊசித் தட்டில் ஊன்றிக்கொண்டு கேஸை உள்ளே சொருகினான். மிதியில் கால் இல்லை. சக்கரம் சுற்றியது. தடக்... தடக்... தடதடதட. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைப் பிளந்து எலும்பில் இறங்கியது. அங்கிருந்து உள்ளங்கைக்கு, நேர் தையல். மெக்கானிக்குக்குக் கைதானே கடை? அலறினான். இளவேனில் ஓடிவந்து பெல்ட்டை அறுத்தாள். சக்கரம் நிற்கவில்லை.

“திலகவதி! ஒன் நூலை ஒன் வூட்டுலயே கொண்டாந்து போட்டுடறோம். அவரு கைய வுட்டுடும்மா!”

நின்றது.

கையில் கட்டோடு, சிவசங்கரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே சிங்காரவேல் வீட்டுக்குப் போனான். கதவு திறந்து கிடந்தது. சட்டைப்பையில் கைவிட்டுப் பாபினை எடுத்தான். மொட்டைப் பாபின். ஒரு முழம் நூல்கூட இல்லை.

நிமிர்ந்தான். உத்தரத்தில் சிங்காரவேல். கயிறு இல்லை... ஒற்றை இழை, சிவப்பு நூல். கழுத்துச் சதையை அறுத்து எலும்புவரை இறங்கியிருந்தது. கால் கட்டைவிரலிலிருந்து ரத்தம், தரையில்... டொக்... டொக்.

உயிர் இருக்குமோ என்று சிவசங்கர் காலைப் பிடித்து இழுத்தான்.

உடம்பு கொஞ்சம் இறங்கியது... நின்றது.

கலியமூர்த்தி, தொழில் பழக்கம், வாய் தவறிச் சொன்னான்:

“இப்ப டென்ஷன் சரியா இருக்குது.”