முற்றுப்புள்ளி இல்லாத டிரைவர்

மச்சினி: நிறுத்துங்க அத்தான்... நிறுத்துங்கன்னா! திரையைப் பாக்காமலே N, N, N-னு தட்டிக்கிட்டே போறீங்க.

அத்தான்: நீதானே சொன்ன? நம்ம லேப்டாப்புல இல்லாததுக்கெல்லாம் N போடுங்கன்னு.

மச்சினி: இல்லாததுக்குன்னேன். கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்கன்னேனா? கண்ணாடிக் கடைக்காரர் பண்ற வேலையா இது?

அத்தான்: கடையில நான் கேள்வி கேக்கறவன்டி வாண்டு. ‘இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா?’ இன்னிக்கு இது என்னை உட்கார வெச்சுக் கேக்குது. Y-யா, M-மா, N-னான்னு... பழி வாங்குது.

மச்சினி: Y-ன்னா கெர்னலோட, அதான் லேப்டாப்பையே ஓட்டற அடிப்படை மென்பொருளோட, ஒட்டியே பிறக்கும். M-ன்னா ஓரமா நிக்கும், கூப்பிட்டா உள்ள வரும். N-ன்னா...

அத்தான்: தெரியும் தெரியும். Y வீட்டு மனுஷன். M மாப்பிள்ளை, கூப்பிட்டாத்தான் வருவான். N-க்குத் தகவலே சொல்லலை.

மச்சினி: அட! அக்கா சொன்னதா இது?

அத்தான்: ஏன், எனக்கே வராதா?

மச்சினி: கெர்னல்னதும் ‘எந்தப் பட்டாளத்துல?’ன்னு கேட்டவராச்சே நீங்க.

அத்தான்: அது... அப்போ.

மச்சினி: சரி, பிளாட்ஃபார்ம் டிரைவர் பக்கம் வந்தாச்சு. பாருங்க, கம்பெனிக்கு ஒரு வரி. ஒருத்தன் லேப்டாப்புல ஃபேன் ஒரு மாதிரி ஓடும், இன்னொருத்தன்து வேற மாதிரி. மூடியை மூடினா தூங்கறது, விசைக்குக் கீழ லைட் எரியறது... மெஷினுக்கு மெஷின் ஒரு பிடிவாதம். அந்தந்தப் பிடிவாதத்தோட பேசத் தெரிஞ்சதுங்க இதெல்லாம்.

அத்தான்: உங்கக்கா எழுதின டிரைவர் எங்க?

மச்சினி: இருங்க, தேடறேன்.

அத்தான்: மேல போ... கீழ... வாண்டு, காணோமே! எடுத்துட்டாங்களா? இன்னிக்கு முழுக்க டைம் இருக்குன்னு நீதானே சொன்ன?

மச்சினி: பதறாதீங்க அத்தான். கெர்னலைப் பாத்துக்கறவங்க எழுதினது இவ்வளவுதான்: ‘இந்த லேப்டாப் இன்னும் யார்கிட்டயாவது இருந்தா, புது கெர்னல்ல ஓட்டிப் பாத்து இன்னிக்குள்ள சொல்லுங்க. யாருமே இல்லைன்னா இந்த டிரைவரை எடுத்துடறோம்.’ இன்னும் எடுக்கலை.

அத்தான்: எடுத்துட்டா அவ பேரும் போயிடும்.

மச்சினி: பழைய கெர்னல்ல இருக்கும்.

அத்தான்: பழசுல இருக்கிறது என்கிட்டயும் இருக்கு. போட்டோ. தேடு, தேடு.

மச்சினி: ஆங்... கண்டுபிடிச்சேன். மேல ஒண்ணுக்கு N போட்டீங்க பாருங்க, இதுக்கு. மெஷின் உள்ளுக்குள்ள பேசறதைக் கேட்டு வந்து சொல்றதே இதுதான். இது இருந்தாத்தான் அக்காவோடது தலைகாட்டும். தாயை வேண்டாம்னுட்டு பிள்ளை எங்கன்னு அழறீங்க.

அத்தான்: அடப்பாவி... அப்போ நானேவா அவளை...

மச்சினி: அதுக்கு Y. இப்போ கீழ பாருங்க.

அத்தான்: ...இருக்கா.

மச்சினி: இருக்கா. இதுக்கு நீங்களே Y போடுங்க. மெதுவா.

அத்தான்: போட்டுட்டேன். அதுக்கு அவ எழுதின உதவிக் குறிப்பைத் திற, படிக்கலாம்.

மச்சினி: ‘இந்த லேப்டாப் மடியைப் பொசுக்கினால் இதற்கு Y போடவும் ஃபேன் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம் அது உங்கள் நல்லதுக்குத்தான்’... பாருங்க, ஒரு முற்றுப்புள்ளி இல்ல! உலகமே படிக்கிற இடத்துல!

அத்தான்: நானும் தலையால அடிச்சுக்கிட்டேன். கடையில ஒரு புள்ளி தவறினா அரைப் பவர் அஞ்சு பவர் ஆயிடும், கண்ணே போயிடும்டின்னு. ‘உங்க புள்ளியை நீங்களே வெச்சுக்கோங்க, எனக்குச் சொல்றதுக்கு இன்னும் இருக்கு’ம்பா.

மச்சினி: அக்காவேதான்... கம்பைலை, அதான் புது கெர்னலைக் கட்டற வேலையை, என் மெஷின்ல ஓட விடறேன். இதுல விட்டா அடுப்பாயிடும். ஆமா, மடியைப் பொசுக்கினதுன்னு யார் மடி?

அத்தான்: என் மடிதான். கடைக் கணக்கு பாத்துக்கிட்டிருந்தேன். ‘சுடுதுடி’ன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். அதுக்கு அந்தக் கம்பெனிக்கு எழுதினா. பதில் இல்ல. அப்புறம் கம்பெனியே இல்ல. என்ன பண்ணினா தெரியுமா? உள்ள ஒரு எண்ணை எழுதுவா, காதை விசைப்பலகை மேல வெச்சுக் கேப்பா. ஃபேன் அசையலையா, அடுத்த எண். சாப்பிடக் கூப்பிட்டா எழுந்து வருவா, கன்னத்துல விசையோட அச்சு வரிசையா பதிஞ்சிருக்கும்.

மச்சினி: எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு அறை நிறைய ஆளு, அலமாரி நிறைய கருவி.

அத்தான்: அவளுக்கு ஒரு காது.

மச்சினி: கடைசியில ஓடிச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

அத்தான்: வீடே அதிரக் கத்தினாளே! ‘ஓடுது ஓடுது’ன்னு. நான் யாரோ திருடன் ஓடறான்னு தடியை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டேன்.

மச்சினி: ஐயோ அத்தான்... சிரிச்சு வயிறு வலிக்குது. இருங்க, முடிஞ்சுது. இதுல ஏத்திட்டேன். ரீஸ்டார்ட் பண்ணுங்க.

அத்தான்: நீயே பண்ணு.

மச்சினி: உங்க லேப்டாப். நீங்கதான் பண்ணணும். ம்... வருது. காதை வைங்க.

அத்தான்: உஸ்... பேசாதே. ...ஓடுதுடி.

மச்சினி: ஓடுதா!

அத்தான்: இரு, இன்னும் முடியலை. மூடியை மூடித் திறக்கணும். ஒண்ணு... ரெண்டு... மூணு...

மச்சினி: மூணு போதுமே.

அத்தான்: போதாது. நாலாவதுக்குத்தான் நிக்கும். ...அட, நிக்கலையே! நல்லா ஓடுது!

மச்சினி: ஜெயிச்சாச்சு. இப்பவே பதில் எழுதறேன். சோதிச்சவர், உங்க பேர். ஆனா இன்னொண்ணும் கேக்கறாங்க. இனிமே இந்த டிரைவரை யார் பாத்துப்பாங்கன்னு. அக்கா பேர் எழுதினவங்கன்னு அப்படியே இருக்கும். அதுக்குக் கீழ உங்க பேரைப் போடறேன்.

அத்தான்: என் பேரா? உனக்கென்ன பைத்தியமா? நான் கண்ணாடிக்காரன்.

மச்சினி: நாலாவது தடவை நிக்கும்னு கண்ணாடிக்காரருக்கு எப்படித் தெரியும்?

அத்தான்: அவளுக்கு ஒரு மெயில் வந்தது. அவ போனதுக்கு அப்புறம். ஆந்தைன்னு பேர் வெச்சுக்கிட்டு ஒரு ஆள். மூடித் திறந்தா ஃபேன் நின்னு போகுது, கொஞ்சம் பாருங்களேன்னு. அவ இல்லைன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வார்த்தையை விரல் எழுதலை. ‘பாக்கறேன்’னு எழுதிட்டேன். எழுதின பிறகு பாத்தாகணுமே...

மச்சினி: பாத்தீங்களா?

அத்தான்: அவ எழுதினதை முதல் வரியில இருந்து படிச்சேன். புரியாத இடத்துல மறுபடி. எவ்வளவு அழகா அடுக்கியிருக்கா தெரியுமா? கூட வாழ்ந்தப்போ பாதிதான் தெரிஞ்சிருக்கு எனக்கு. அப்புறம் இந்த மெஷின்லயே மூடி மூடித் திறந்தேன். நாலாவது தடவை டக்னு நின்னுடுச்சு. அந்த ஆள் சொன்னது சத்தியம்!

மச்சினி: நிஜமாவா? நிஜமாவே நின்னுச்சா?

அத்தான்: ஏன் இப்படி முழிக்கிற? நின்னுச்சுங்கறேன். தூங்கி எழுந்ததும் ஃபேனுக்கு மறுபடி சொல்லணும், அது ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அந்த வரியை எழுதி ஆந்தைக்கு அனுப்பினேன்.

மச்சினி: வேற யாருக்கு?

அத்தான்: யாருக்கும் இல்ல. இதுலகூட பழைய கெர்னலைத்தான் அப்படியே வெச்சிருந்தேன், அவ ஏத்தினதுன்னு... வாண்டு, இரு. அந்த வரி ஆந்தைகிட்ட மட்டும்தானே இருக்கு? அப்புறம் நீ இன்னிக்குக் கட்டினதுல எப்படி வந்தது?

மச்சினி: ஆந்தைதான் சேர்த்துது அத்தான். அக்கா விலாசத்துக்கு எதையாவது எழுதணும் போல இருந்தது, ஒரு கோளாறை இட்டுக்கட்டி எழுதிச்சு. வரிக்கு வரி முற்றுப்புள்ளியோட பதில் வந்ததும் எழுதினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அவகூட ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்த ஆந்தைக்கு அதுகூடவா தெரியாது?