களம்பூர் தாண்டிட்டேன்

முன்பெல்லாம் இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரை வெள்ளையாகிவிடும். பக்கம் திரும்ப வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இப்போது அப்படியில்லை. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். உலாவிக்குள்ளேயே முழு மென்பொருளும் ஓடுகிறது. நான் எம்.சி.ஏ. முடித்து அதைத்தான் செய்கிறேன்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள் மேடம். நிதானமாகவே சொல்கிறேன்.

வீரபாகு என்ற பட்டு வியாபாரிக்கு அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். நெசவாளர்கள் வீட்டிலிருந்தே புடவையின் நிறத்தையும் கரையையும் பார்த்து, நூல் கேட்கலாம். ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பலாம். முதல் வாரமே தகராறு. எங்கள் ஊரில் தறியில் குறுக்கே ஊடை இழையை ஓட்டியதும், அது இறுக, பலகையை இரண்டு தடவை இழுத்து அடிப்பார்கள். பொத்தானையும் அப்படியே அழுத்தினார்கள். சிக்னல் மெதுவாக இருந்தால் மூன்றாவது தடவையும்.

“ஒரு பொடவைக்கு மூணு பொடவை நூல் கேட்டுகினு நிக்கறானுங்க,” என்றார் வீரபாகு. “பேஜாரா கீதுப்பா.”

துரை என்ற நெசவாளர் அசரவில்லை. “ஒரு அடியில இழை நிக்காதுங்க மொதலாளி. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் எப்படி நிக்கும்?”

அதனால், விரல் பட்டதுமே டிக் விழும்படி மாற்றினேன். செய்தி பின்னால் மெதுவாகப் போகும். டிக்கைப் பார்த்துவிட்டால் மனிதர்கள் மறுபடி அழுத்துவதில்லை. காத்திருப்பார்கள்.

இன்னொரு வசதியும் வைத்தேன். கரண்ட் போனால் எழுதியது வீணாகக் கூடாது என்று, அடிக்க அடிக்கவே ஒவ்வோர் எழுத்தும் சர்வரில் சேரும். அடித்துவிட்டு அழித்த எழுத்தும் சேரும்.

என் மனைவி ஜெயப்ரியா வீட்டு லேப்டாப்பில் புடவை நிறங்களைச் சரிபார்த்தாள். அவள் அக்கா கீதா, களம்பூருக்கு அந்தப் பக்கம் போளூரில் இருந்து அதே வியாபாரிக்கு நூல் சுற்றித் தருகிறார். இருவரும் அதிலேயே பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் சர்வரைச் சரிபார்க்கும்போது பார்த்தேன். அவள் அனுப்பியது, “நல்லா கீறோம்கா.” அதற்கு முன் அடித்து அழித்தது, “அவரு கை பட்டாலே அருவருப்பா கீதுக்கா.”

எழுந்துபோய்க் கை கழுவினேன். நான் சுத்தமான ஆள். பட்டு நூல் வேகிற வாடை எனக்குக் குமட்டும். நெசவாளர்களின் விரல் பிசுக்கு ஒட்டிய திரையைத் துணி வைத்துத்தான் தொடுவேன். இந்த ஊரில் அருவருப்புப்பட உரிமை யாருக்காவது இருந்தால், எனக்குத்தான் இருந்தது.

அந்த வாரம் அவள் போன் சாயத் தொட்டியில் விழுந்தது. எல்லாம் உலாவியிலேயே இருக்கும்போது இன்னொரு போன் எதற்கு என்றேன். பிறகு இருவர் கணக்கிலும் ஒரு சிறு மாற்றம். டிக் விழும், செய்தி என்னிடம் நிற்கும். அக்காவுக்குத் தங்கையாகவும், தங்கைக்கு அக்காவாகவும் நானே எழுதினேன். கஷ்டமில்லை. வேலை ஜாஸ்தி, ஆடி முடியட்டும், சாப்பிட்டியா. இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. கீதா என் போனுக்கு அழைத்தால், ஜெயப்ரியா தூங்குகிறாள் என்பேன்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். நான் வீரபாகுவின் கடையில் இருந்தேன். அவள் எழுதினாள். “அக்கா, வயிறு தாங்க முடில. அவருகிட்ட சொன்னா நடிக்கறேன்னுவாரு. வண்டி எடுத்துகினு ஜல்தி வா.”

டிக் விழுந்தது.

கரு குழாயில் தங்கி வெடித்திருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். கரு இருந்ததே எனக்குத் தெரியாது. முதல் ஒரு மணி நேரம் அவளால் நடந்திருக்க முடியுமாம். தெருவெல்லாம் தறிச் சத்தம், கூப்பிட்டால் கேட்காது. ஆனால் வாசல் வரை வந்திருந்தால் எதிர்வீட்டு அமலா பார்த்திருப்பார்.

பத்து ஐம்பத்திரண்டுக்குக் கீதாவாக எழுதினேன். “கெளம்பிட்டேன். நீ எழுந்துக்காத. படுத்துகினே இரு.”

பதினொன்றரைக்கு அவள் கேட்டாள். “எங்க கீற?”

“களம்பூர் தாண்டிட்டேன். பத்தே நிமிஷம்.”

பன்னிரண்டு மணிக்கு மறுபடி கேட்டாள். களம்பூரில் ரயில்வே கேட் போட்டிருந்ததால் தாமதம் என்றேன். தாண்டியாயிற்று என்று நான் ஏற்கெனவே சொன்னதை அவள் கவனிக்கவில்லை. நம்பினாள்.

ஒன்று ஐந்துக்கு, “நீ வந்தா போதும்கா” என்று எழுதினாள். அதன் பிறகு ஒரே எழுத்து நாற்பது வரிக்கு ஓடியது. விசையின் மேல் கை கிடந்திருக்கும். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். வீட்டுக்கு அல்ல.

எல்லாம் சர்வரில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். போனைத் தொட்டியில் போட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

கீதா கொடுத்த புகாரில் ஒரு வார்த்தையை மட்டும் திருத்த வேண்டும் மேடம். ஜெயப்ரியா தனியாகக் கிடந்து செத்தாள் என்று எழுதியிருக்கிறார். தனியாக இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் முழுக்க அவள் எதையும் அடித்து அழிக்கவில்லை. அவளுக்கு என்னிடம் அருவருப்பு இருந்ததாகவே தெரியவில்லை.