சும்மா கிடந்த கம்பி

டியூப் லைட்டை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. ஈரத்தோடு தூசி சேர்ந்து ஓரங்களில் கறுப்பாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உங்கள் தலைக்கு மேல் எரிகிறதே, அதைத் துடைத்தவர் அப்படித்தான் துடைத்திருக்கிறார். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மைக் செட்டும் விளக்கும் வாடகைக்கு விடுகிறவன் கண்ணில் முதலில் இதுதான் படும்.

நிதானமாகச் சொல் என்றீர்கள். நிதானமாகவே சொல்கிறேன். நான் சத்தம் போட்டுப் பேசிப் பழகியவன் இல்லை. சத்தம் போடத்தான் என்னிடம் ஸ்பீக்கர்கள் இருக்கின்றனவே.

எங்கள் ஊரின் ஓரத்தில், அண்ணன் வயலுக்கு மேலே, பழைய உயர் அழுத்த மின்கம்பி ஒன்று போகிறது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே வந்தது. ஊருக்குக் கரண்ட் தருவது வேறு கம்பி, இது வெளியூருக்குப் போவது. அதன் அடியில்தான் நானும் அண்ணனும் மாடு மேய்த்தோம், பட்டம் விட்டு உதை வாங்கினோம். ஊரில் யாரும் அதை அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. அதைவிடப் பல மடங்கு பெரிய கம்பி ஒன்று ஊருக்கு நடுவே வரப்போகிறது என்று மின்சாரத் துறை ஆட்கள் சொன்ன பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். அவர்கள் நட்டுவிட்டுப் போன அடையாளக் கற்களின்படி ஒரு கோபுரம் அண்ணன் வயலில் நிற்கும். அங்கிருந்து கிளம்பும் கம்பி என் வீட்டு மாடிக்கு நேர் மேலே போகும். அண்ணன் இடம் கொடுக்காவிட்டால் அவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

எனக்குப் பயம் வந்தது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் என் மனைவி உண்டாகியிருந்தாள்.

ஊரே எதிர்த்தது, உண்மைதான். ஆனால் உப்புச் சப்பில்லாத எதிர்ப்பு. வயல் வீணாகும், மரம் வெட்டுவார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பயம் மட்டும் யாருக்கும் இல்லை. பயம் இல்லாத கூட்டம் டீ வந்ததும் கலைந்துவிடும். நூறு கூட்டங்களுக்கு மைக் கட்டியவன் சொல்கிறேன்.

ஆகவே ஒரு சாயங்காலம் எல்லோரையும் அண்ணன் வயலுக்கு வரச் சொன்னேன். என்னிடம் இருந்த பழைய டியூப் லைட்டுகளை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து, பழைய கம்பிக்கு அடியில் நிற்க வைத்தேன். ஒயர் இல்லை, பிளக் இல்லை, வெறும் டியூப். இருட்ட இருட்ட அவை ஒவ்வொன்றாக மங்கலாக எரிய ஆரம்பித்தன. தையல்காரர் கையிலிருந்தது நழுவி விழுந்து உடைந்தது. ஒரு பெண் அழுதாள். என் மனைவியும் ஒன்றை வாங்கிப் பிடித்திருந்தாள். அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் அந்த வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதன்பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டியூப் எரிவதற்கு மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும், அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று துறை இன்ஜினியர் பிறகு வந்து விளக்கினார். அவர் சொல்வதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது ஒரு பக்கம் இருக்கும், பயம் ஒரு பக்கம் இருக்கும். இரண்டும் பேசிக்கொள்வதில்லை.

அவர் பேசியதைக் கேட்டு நாலு பேர் தலையாட்டினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பேச விட்டால் மயக்கிவிடுவார்கள் என்று சொல்லி ஒரு ஏற்பாடு செய்தேன். என் மாடியில் ஹார்ன் ஸ்பீக்கர்களைக் கட்டினேன். துறை ஜீப் சாலை வளைவில் தெரிந்தால் நான் சங்கொலியைப் போடுவேன். எல்லோரும் கைவேலையை அப்படியே விட்டுவிட்டுச் சாலைக்கு வந்து மறித்து நிற்பார்கள். வந்தவர் வாயைத் திறந்தால் நான் சத்தத்தைக் கூட்டுவேன். அவர்கள் சொல்வது ஒரு சொல்கூட ஊருக்குள் நுழையக் கூடாது என்பதுதான் எங்கள் கட்டுப்பாடு. ஊர் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் பயம் என்பது பால் மாதிரி. வைத்திருந்தால் கெட்டுவிடும். கொஞ்ச நாளில் டியூப் லைட் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தையல்காரரின் ஆடு செத்தது.

அண்ணன் வயலைச் சுற்றிக் கம்பி வேலி உண்டு. மோட்டார் அறையிலிருந்து ஒரு ஒயரைப் புல்லுக்குள் மறைத்துக் கொண்டுவந்து அந்த வேலியில் இணைத்தது நான்தான். ஆடு வேலியில் உரசியது, விழுந்தது. கூட்டம் சேர்வதற்குள் ஒயரைச் சுருட்டிவிட்டேன். பழைய கம்பியிலிருந்து மின்சாரம் வேலிக்கு இறங்கிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் மேலே பார்த்தேன், அவ்வளவுதான். எல்லோரும் மேலே பார்த்தார்கள். பழசே இப்படி என்றால் புதுசு வந்தால் என்ன ஆகும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் அண்ணன் வந்தார். என்ன ஏது என்று கேட்டார். பிறகு இரண்டு கைகளையும் வேலிமேல் வைத்து, திண்டில் சாய்கிற மாதிரி சாய்ந்துகொண்டார்.

"பாருங்க, நல்லாப் பாருங்க. நான் செத்துட்டேனா? ஆடு எதையாவது தின்னுருக்கும். போய் வேலையப் பாருங்கப்பா."

சிரித்தார்கள். தையல்காரர்கூடச் சிரித்தார். நான் கஷ்டப்பட்டுச் சேர்த்த பயம் முழுவதும் அந்த இரண்டு கைகளால் போனது.

அண்ணனைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டார். என்னை வளர்த்தவர் அண்ணன்தான். சின்ன வயதில் எனக்கு இடி என்றால் உயிர் போய்விடும். அண்ணன் போர்வையைத் தூக்கிப் பிடிப்பார். நான் உள்ளே போய்ச் சுருண்டுகொள்வேன். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அண்ணி இருமினால் எங்களுக்குக் கேட்கும்.

அடுத்த சில நாளில் அவர் என் கடைக்கு வந்து, ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"டேய், வர்ற வாரம் போய் சம்மதம் சொல்லிடலாம்னு இருக்கேன். நாம முடியாதுன்னா கம்பி அந்தப் பக்கம் இருக்கறவன் தலைமேல போகும். அவனும் மனுஷன்தானே?"

"என் வீட்டு மேல போகும்ணே."

"போனா என்னடா? பக்கத்துலதானே இருக்கேன். பயமா இருந்தா முந்தி மாதிரி என் போர்வைக்குள்ள வந்துடு. உன் பொண்டாட்டி, பிள்ளை எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா."

அவர் சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். அவர் போனதும் கடையைச் சாத்திவிட்டு, மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன்.

அந்த வாரம் நான் நன்றாக யோசித்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது பொய். வேறு ஆட்களையும் யோசித்துப் பார்த்தேன். தையல்காரருக்குச் சின்னப் பிள்ளைகள், அது அநியாயம். பால்காரர் நல்ல மனிதர், ஆனால் இருதய நோய்க்காரர். அவர் செத்தால் இருதயம் என்று சொல்லிவிடுவார்கள். மேலும் வேலி ஒன்றும் செய்யாது என்று ஊருக்கே காட்டியவர் அண்ணன். அந்த வேலியில் வேறு யாருக்கு என்ன ஆனாலும் அது பாதி சாட்சிதான். இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு அவரிடமே வந்து நின்றது. எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

காலையில் அண்ணன் மாட்டையும் ஓட்டிக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவார். வாய்க்காலில் கால் நனைத்து, ஈரக் கையால் வேலிக் கதவைத் திறப்பார். வேறு யாரும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று சங்கொலி போட நினைத்திருந்தேன். சங்கொலி கேட்டால் ஊர் முழுக்கச் சாலைக்குப் போய்விடும். அண்ணன் மட்டும் போக மாட்டார், அவர்தான் சம்மதம் சொல்லப் போகிறவராயிற்றே. அண்ணி சில நாள் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவதுண்டு. அதற்காக, கால் வீங்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று அண்ணியைக் கூப்பிடும்படி என் மனைவியிடம் சொன்னேன். கால் உண்மையாகவே வீங்கித்தான் இருந்தது. அண்ணிக்கு ஒரு கீறல்கூடப் படக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். என் மனைவிக்கு எதுவும் தெரியாது. அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மோட்டார் அறையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மாடிக்கு வந்தேன். அன்று பொய்யாகச் சங்கொலி போட வேண்டிய அவசியமே வரவில்லை. சாலை வளைவில் நிஜமாகவே ஜீப் வந்துகொண்டிருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

ஊர் சாலையில் திரண்டது. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இன்ஜினியர் இறங்கி, இரண்டு கைகளையும் ஆட்டி ஏதோ சொன்னார். பழைய கம்பியைக் காட்டினார். மறுபடி சொன்னார். நான் சத்தத்தைக் கூட்டினேன். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சங்கொலியை நிறுத்தினேன். அப்போது வயல் பக்கம் அண்ணன் மாடு கத்துவது கேட்டது. அவ்வளவு பயம் எனக்கு எந்த இடிக்கும் வந்ததில்லை.

முதலில் ஓடியது நான்தான். மோட்டார் அறைக்குள் போய் இணைப்பை எடுத்தேன், ஒயரைச் சுருட்டினேன். பிறகு யாரும் தொடாதீர்கள், மேலே இருந்து இறங்குகிறது என்று எல்லோரையும் தடுத்து நிறுத்தினேன். சமயத்தில் புத்தியோடு நடந்துகொண்டேன் என்று பாராட்டினார்கள். அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். சாயங்காலம் மைக்கைப் பிடித்து, பழைய கம்பியிலிருந்து பொறி பறந்து வேலியில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று ஊருக்குச் சொன்னேன். அடையாளக் கற்களை அன்றே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். புதுக் கம்பியை ஊரைச் சுற்றிக் கொண்டுபோகிறோம் என்று துறை ஒத்துக்கொண்டது. பயத்துக்கு அவ்வளவு பலம் உண்டு.

நான் செய்த தப்பு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழைய கம்பியைத் தாங்கும் பீங்கான்களை மாற்றும் வேலைக்காக முந்தின நாளே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்களாம். அந்த வாரம் முழுவதும் அது சும்மா கிடந்த கம்பியாம். அதைச் சொல்லத்தான் அந்த இன்ஜினியர் வந்திருக்கிறார். இந்த வாரம் கம்பியில் கரண்ட் இல்லை, பயப்படாமல் இருங்கள் என்று சொல்ல. அவர் சொன்னதை ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க விடாமல் பார்த்துக்கொண்டவன் நான். கரண்டே இல்லாத கம்பியில் பொறி பறந்ததைப் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஆமாம், என் அண்ணனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை ஊரில் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த வாரம் கரண்ட் இல்லை என்பதையே அவர்கள் நம்பவில்லை. அண்ணி இன்னும் அந்தக் கம்பிக்கு அடியில் போவதில்லை. சுற்றிக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார். உங்கள் ஜீப் வளைவில் திரும்பினாலும் சங்கொலி கேட்கும். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று என் மனைவிக்குத் தெரியும்.

நேற்று இங்கே இடி இடித்தது. காவலுக்கு நின்றவரிடம் ஒரு போர்வை கேட்டேன். கொடுத்தார். உள்ளே நான் மட்டும் இருந்தேன்.

ஒன்றை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நாளைக்கு யார் எப்படிப் பேசினாலும் இது உண்மை. மின்கம்பியால் எங்கள் ஊரில் இதுவரை ஒரு உயிர்கூடப் போனதில்லை. இனிமேலும் போகாது. அதற்கு வேண்டியதை நான் செய்துவிட்டேன்.