சும்மா கிடந்த கம்ப்யூட்டர் ஏன் சுடுது?

தப்ரேஸ்: கல்யாணத்துக்கு முந்தி போன்ல உன்கிட்ட மொத மொத நா என்ன கேட்டேன்? ஞாபகம் இருக்கா ஆஸியா?

ஆஸியா: ‘சாப்ட்டியா’ன்னு கேட்டீய.

தப்ரேஸ்: அதுக்கப்புறம்?

ஆஸியா: ‘மேலப்பாளையத்துல மழையா’ன்னு கேட்டீய.

தப்ரேஸ்: அரே, அதுக்கும் அப்புறம்!

ஆஸியா: ‘பொழுது போவ என்ன செய்வே’ன்னு. நா ‘எம்பிராய்டரி போடுவேன்’னு சொன்னேன். ‘நீங்க?’ன்னு திருப்பிக் கேட்டேன். ‘வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு, ஆபீஸ் வேலை பாப்பேன்’னு சொன்னீய. இங்க வந்து பாத்தா... ராத்திரியானா அதுல துப்பாக்கி ஆட்டம் போட்டு டமால் டுமீல்னு சுட்டுக்கிட்டு உக்காந்திருக்கீய.

தப்ரேஸ்: சரி சரி... அத விடு.

ஆஸியா: நீங்கதான மச்சான் ஆரம்பிச்சீய! இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

தப்ரேஸ்: சும்மாதான். இங்க வா. இந்த டப்பாவத் தொட்டுப் பாரு.

ஆஸியா: எந்த டப்பா?

தப்ரேஸ்: கம்ப்யூட்டர் டப்பா. மேஜைக்குக் கீழ இருக்கே, அது.

ஆஸியா: ...தொட்டாச்சு.

தப்ரேஸ்: சுடுதா?

ஆஸியா: மே மாசம், மேல தகரக் கூரை. இந்தப் பம்பாய் கோவண்டி வீட்ல எதுதான் சுடல? தண்ணிக் குடத்தத் தொட்டுப் பாருங்க, அதுவும் சுடும்.

தப்ரேஸ்: நா இப்பதான் ட்ரெயின் எறங்கி வாரேன். ஷூவக்கூட கழட்டல. ஆன் பண்ணாத டப்பா ஏன் சுடுது?

ஆஸியா: வயசாயிட்டுதுல்லா...

தப்ரேஸ்: வயசானா காய்ச்சல் வருமா கம்ப்யூட்டருக்கு?

ஆஸியா: எனக்கென்ன தெரியும்? சாயா போடட்டா?

தப்ரேஸ்: சாயா இருக்கட்டும். மண்டை கொழம்பிப் போயிருக்கேன். இத ரிப்பேர் பண்ணி ஓட்டவா, இல்ல தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கவா? லேமிங்டன் ரோட்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான்ல இஜாஸ், அவன்கிட்ட கேட்டேன். ‘கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாத்து பாய், ராஜா மாதிரி ஓடும்’ங்குதான்.

ஆஸியா: அப்ப மாத்துங்க.

தப்ரேஸ்: கார்டு மாத்துனா பவர் சப்ளை தாங்காதாம்.

ஆஸியா: அதையும் மாத்துங்க.

தப்ரேஸ்: புதுக் கார்டு நீளமாம். இந்த டப்பாக்குள்ள போவாதாம். டப்பாவ மாத்துனா, மதர்போர்டு பழசுங்குதான்.

ஆஸியா: சட்டைக்குப் பட்டன் தைக்கப் போயி, சட்டையே புதுசா தைக்கச் சொல்லுதானா?

தப்ரேஸ்: அதான! ஆனா மதர்போர்டு பழசுன்னா கார்டு ஓடாதுல்ல?

ஆஸியா: ஓடும் ஓடும். பழைய போர்டுலயும் புதுக் கார்டு ஓடும், கொஞ்சம் வேகம் கொறையும், அவ்ளோதான். நீளம் கம்மியா ஒத்த ஃபேன் வச்ச கார்டும் இருக்கு, அதுக்கு இந்தப் பவர் சப்ளையே...

தப்ரேஸ்: இரு, இரு.

ஆஸியா: என்ன பாக்குதீய?

தப்ரேஸ்: ஒத்த ஃபேன் கார்டா?

ஆஸியா: யூடியூப்ல சொன்னாங்க. பிரியாணி வீடியோ பாத்துக்கிட்டு இருந்தேன்... நடுவுல வந்துச்சு.

தப்ரேஸ்: பிரியாணிக்கு நடுவுல கிராபிக்ஸ் கார்டு வந்துச்சு?

ஆஸியா: விளம்பரம் வராதா? எனக்கு ஒண்ணும் புரியல, காதுல விழுந்ததச் சொன்னேன்.

தப்ரேஸ்: சரி. அப்ப நீ சொல்லு, ரிப்பேரா, புதுசா?

ஆஸியா: ரிப்பேரே பண்ணுங்க.

தப்ரேஸ்: நல்லது. நாளைக்கு இஜாஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போறேன். எல்லாத்தையும் அழிச்சிட்டு, மொதல்லேர்ந்து போட்டுத் தாரேன்னான்.

ஆஸியா: அழிச்சிட்டா? வேணாம் வேணாம்! அழிக்க வேணாம்.

தப்ரேஸ்: அப்ப புதுசு வாங்கவா?

ஆஸியா: ஆங்... புதுசே வாங்குங்க. புதுசு புதுசுதான்.

தப்ரேஸ்: பக்கா? அப்ப இத என் கூட்டாளி உஸாமாவுக்குக் குடுத்துரலாம். மான்குர்துலேர்ந்து கெளம்பிட்டான், ஆட்டோவுல வந்து தூக்கிட்டுப் போயிருவான்.

ஆஸியா: இப்பவா?

தப்ரேஸ்: இப்பதான்.

ஆஸியா: டிஸ்க்கோடயா?

தப்ரேஸ்: டிஸ்க்கு இல்லாம வெறும் டப்பாவ வச்சு அவன் என்ன, அரிசியா போட்டு வைப்பான்?

ஆஸியா: அப்ப புதுசு வேணாம் மச்சான். பழசே இருக்கட்டும். தொடாதீய, தொறக்காதீய, யாருக்கும் குடுக்காதீய. அது பாட்டுக்கு இருக்கட்டும்!

தப்ரேஸ்: ரிப்பேர் பண்ணுன்னே. அப்புறம் வேணாம்னே. புதுசு வாங்குன்னே. அதுவும் வேணாங்குதே. என்னதான் செய்யச் சொல்லுதே? எனக்கு இருக்குற கொழப்பத்துல நீ வேற...

ஆஸியா: இதுல நம்ம... கல்யாண போட்டோ எல்லாம் இருக்குல்லா.

தப்ரேஸ்: போட்டோ எல்லாம் போன்ல இருக்கு. இதுல போட்டோ வைக்க எடமே இல்ல. நேத்துப் பாத்தேன், டிஸ்க்கு நிறைஞ்சு வழியுது. அதான் இவ்ளோ மெதுவா ஓடுது. பாதி எடத்த ஒரே ஒரு ஃபோல்டர் தின்னுட்டுக் கெடக்கு. பேரு என்ன தெரியுமா?

ஆஸியா: ...பால் பொங்குது, அடுப்பப் பாத்துட்டு வாரேன்.

தப்ரேஸ்: அடுப்பே பத்த வைக்கல நீ. பேரு ‘எம்பிராய்டரி’.

ஆஸியா: ஆமா. டிசைன் எடுத்து வச்சிருக்கேன்.

தப்ரேஸ்: அவ்ளோ டிசைனா? இந்த கோவண்டி பூரா பூ போடலாம். வந்து எட்டு மாசம் ஆச்சு, ஒரு கைக்குட்டைல ஒரு பூ நா பாக்கலையே ஆஸியா.

ஆஸியா: ஊசி கெடைக்கல.

தப்ரேஸ்: பம்பாய்ல ஊசி கெடைக்கல?

ஆஸியா: ...சிரிக்காதீய.

தப்ரேஸ்: சிரிக்கலை. தொறந்து காட்டு, டிசைனப் பாப்போம்.

ஆஸியா: மச்சான்...

தப்ரேஸ்: ம்.

ஆஸியா: அது லாரி.

தப்ரேஸ்: என்னது?

ஆஸியா: லாரி ஓட்டுற ஆட்டம். மலையில, பனியில, சரக்கு ஏத்திக்கிட்டுப் போவணும். எங்க காலித் அண்ணன் கம்ப்யூட்டர்ல பழகுனது. நீங்க ஆபீஸ் போனதும் ஓட்டுவேன், நீங்க வார நேரத்துக்கு அணைச்சிருவேன். இன்னைக்கு ஒரு ஏத்தத்துல மாட்டிக்கிட்டேன்... நேரம் ஆயிட்டு. அதான் சூடு.

தப்ரேஸ்: அப்ப எம்பிராய்டரி?

ஆஸியா: உம்மாதான் சொல்லச் சொன்னாங்க. ‘பொண்ணு லாரி ஓட்டுதுன்னு சொன்னா எவன் கட்டுவான்? எம்பிராய்டரின்னு சொல்லிரு’ன்னாங்க. எனக்கு ஊசில நூல் கோக்கவே வராது.

தப்ரேஸ்: யா அல்லாஹ்...

ஆஸியா: கோவமா?

தப்ரேஸ்: கோவப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நா சொன்ன ஆபீஸ் வேலையத்தான் நீ டெய்லி ராத்திரி பாக்குதியே.

ஆஸியா: உஸாமாவ வர வேணாம்னு சொல்லுங்க. என் லாரி அதுக்குள்ள இருக்கு. பாதி மலை ஏறிட்டேன். அழிஞ்சா அடிவாரத்துலேர்ந்து ஓட்டணும்.

தப்ரேஸ்: உஸாமா வரமாட்டான்.

ஆஸியா: போன் பண்ணாமலே எப்படித் தெரியும்?

தப்ரேஸ்: அவன் ஊருக்குப் போயி நாளாச்சு.

ஆஸியா: அப்ப... மான்குர்த், ஆட்டோ?

தப்ரேஸ்: சும்மா சொன்னேன்.

ஆஸியா: ஏன்?

தப்ரேஸ்: போன மாசம் ஒரு நாள் ஆபீஸ்ல சீக்கிரம் விட்டுட்டாங்க. வந்து கதவத் தட்டப் போனேன். உள்ள பாம் பாம்னு ஹார்ன் சத்தம். அப்புறம் உன் சத்தம். ‘ஏல, ஒதுங்குல! ரோட்ட உங்க வாப்பா போட்டாரால?’

ஆஸியா: அய்யோ...!

தப்ரேஸ்: தட்டாம அப்படியே நின்னேன். எட்டு மாசத்துல அவ்ளோ சத்தமா நீ பேசி நா கேட்டதில்லை. எங்கிட்ட ‘சரி மச்சான், ஆமா மச்சான்’ மட்டும்தான். பக்கத்து வீட்டு சாயிரா வந்து ‘என்ன பாய், சாவி தொலைஞ்சிட்டா?’ன்னு கேட்டா. ஆமான்னுட்டு டீக்கடைல போயி உக்காந்துட்டேன்.

ஆஸியா: ஒரு மாசமா தெரிஞ்சுமா ரிப்பேரா புதுசான்னு என்னப் போட்டு வதைச்சீய?

தப்ரேஸ்: நீயா வாயத் தொறப்பேன்னு பாத்தேன். நீ பிரியாணிக்கு நடுவுல விளம்பரம் வந்துச்சுங்குதே!

ஆஸியா: போங்க மச்சான்...

தப்ரேஸ்: கார்டு நெசமாவே ஒத்த ஃபேன் போதுமா?

ஆஸியா: போதும். டிஸ்க்கு ஒண்ணு பெருசா கூடப் போடுங்க. இஜாஸ் பாய்ட்ட குடுத்தா அழிச்சிருவாரு, வீட்லயே நா மாத்துதேன். தூசியும் தட்டணும், பஞ்சு மெத்தையாட்டம் கெடக்கு.

தப்ரேஸ்: போதும், முடிவாயிட்டு. ஒரு மாசக் கொழப்பம். மொதல்லயே உன்கிட்ட நேரா கேட்டிருக்கணும். நாளைக்குக் கடைக்குப் போறேன், வேற என்ன வேணும் சொல்லு. உனக்குத் தனியா ஹெட்போன்?

ஆஸியா: ஹெட்போன் வேணாம்.

தப்ரேஸ்: ஸ்டியரிங் வீல்? லாரிக்கு அதுதான் மஜா.

ஆஸியா: அதுவும் வேணாம்.

தப்ரேஸ்: என்னமோ கேக்க வாரே. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கேளேன்.

ஆஸியா: கடைல கெடைக்காது.

தப்ரேஸ்: என்னன்னுதான் சொல்லேன்.

ஆஸியா: வந்த நாள்லேர்ந்து கேக்கணும்னு... நீங்க ஹெட்போன மாட்டிக்கிட்டா அந்தப் பக்கம் திரும்பிருவீய. நா இந்தப் பக்கம் உங்க முதுகப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பகல்ல லாரில ஏறுனா, அங்கயும் பக்கத்து சீட்டு காலியாத்தான் கெடக்கு... நீங்க சுட வேணாம், ஓட்ட வேணாம். ஞாயித்துக்கெழமை ஒரு நாள், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிய இழுத்துப் போட்டு, நா மலை ஏறி முடிக்கிற வரைக்கும் என் பக்கத்துல உக்காந்திருப்பீயளா மச்சான்?