டிராகன் வயலில் இருக்கட்டும்

அரக்கோணத்தில் மின்சார ரயில் பாதி காலியானது. எதிர் இருக்கையில் இருந்த பெண் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"டிராகன வயல்ல இருந்து எடுக்க மாட்டேன், பாவா."

பக்கத்தில் இருந்தவர் அவருடைய அக்கா கணவர். கார்டும் நிலமும் விலைக்கு வாங்கி ஆடும் பிளாக்செயின் விளையாட்டு ஒன்றில் இருவரும் கூட்டு என்பது பேச்சில் தெரிந்தது.

"சாயங்காலம் போட்டிம்மா. நம்மகிட்ட கீற ஒரே பெரிய கார்டு அதான். அத போயி நாத்து நட வெச்சிகினு கீறியே!"

"அது வெளைய வெக்கிற தானியத்துலதான் பக்கத்து நிலத்துல கல்லு உடைக்கிற நாலு கார்டுக்கும் சோறு."

"ஒரு நாள் பட்டினி கெடக்கட்டும்."

"ஒரு நாளா? வெளியே எடுத்தா மறுபடி வேலைக்கு வெக்க ஒரு வாரம் ஆவும். அதுவரைக்கும் கல்லு வராது. மூணு மாசமா கட்டிகினு கீற கோட்டை அப்படியே நிக்கும்."

"டிராகன் இல்லன்னா மொத சுத்துலயே தோத்துடுவேன்."

"போன தபா இட்டுனு போயும்தானே தோத்தீங்க?"

திருத்தணி மலை தெரிந்ததும் பயணிகள் எழுந்தார்கள்.

"அப்போ எத வெச்சி ஆடறது?"

"குள்ளன் கார்ட எடுத்துக்கங்க. அவன் சும்மாதான் கீறான்."

"குள்ளனா? பாக்கறவன்லாம் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்," என்றார் அந்தப் பெண், பையைத் தோளில் மாட்டியபடி. "அவனுங்க ஆளுங்களுக்கு நாளைக்குச் சோறு கீதான்னு கேளுங்க."