கவர்னர் ஒரு கதவையும் விடேல்லை

பொறுங்கோ, பொறுங்கோ, கதவைச் சாத்தாதேங்கோ! ரெண்டே ரெண்டு நிமிசம். ஓம், கையெழுத்துக்குத்தான் வந்தனான். தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிக்குத் தனிய நிக்கிறன், எந்த அணியிலயும் இல்லை. அஞ்சு மணிக்கு மனு முடியுது. இருபத்தஞ்சு கையெழுத்து வேணும், இருபத்திநாலு கிடைச்சிட்டுது.

சிரிக்காதேங்கோ. எல்லைக்கு அங்கால, அமெரிக்காவில, வோல்ட்டர் பின்ச் எண்டொரு கவர்னர் இருந்தவர். கட்சியே இல்லாத மனுசன். பள்ளிக்கூட பஸ் ஓடினவர்! ரெண்டு கட்சியும் போடா எண்டு கலைச்சுப்போட்டாங்கள். மனுசன் அதே மஞ்சள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வீடு வீடா வெளிக்கிட்டுது. ஒரு கதவையும் விடேல்லை. நாய் கடிச்ச வீட்டுக்கும் திரும்பப் போனவர், நாய்க்கு பிஸ்கற் கொண்டு!

அலட்டேல்லை, கேளுங்கோ. இருநூற்றிப் பதினொரு வோட்டால வெண்டார். பேந்துதான் பகிடி. சபையில அவரின்ர ஆள் ஒருத்தரும் இல்லை. முதல் சட்டத்துக்கு ஒரு கையும் உயரேல்லை. அடுத்த நாள் விடிய மெம்பர்மாரை வீட்டு வாசல் வாசலா பஸ்ஸில ஏத்தினார். ஓம் எண்டு சொல்லுமட்டும் இறக்கேல்லை! மூண்டு தரம் கவர்னர், பாத்துக்கொள்ளுங்கோ.

அவரின்ர மனுசியே முதல்தரம் மற்றக் கட்சிக்குத்தான் போட்டவ. கோவிச்சவரோ? இல்லையே. அடுத்த எலக்சனுக்குத் தன்ர வீட்டு மணியைத் தானே அடிச்சு, தொப்பியைக் கழட்டி, மடம், என்ர பேர் வோல்ட்டர் பின்ச், ஒரு வோட்டுக்கு வந்தனான் எண்டு நிண்டவர்!

அதுதான் நானும் மணி அடிச்சனான். என்னட்டை இருந்த வீட்டுத் திறப்பையும் பறிச்சு வைச்சிருக்கிறியளே.

எதிர்ல நிக்கிறது உங்கட மனுசன் எண்டு எனக்குத் தெரியாதே? பத்து வருசமாத் தலைவர். எனக்குக் கையெழுத்துப் போட்டா உங்களுக்குத்தான் வீட்டில சண்டை. சரி, ஆறுதலா யோசியுங்கோ. ஆனா இப்ப உள்ளுக்கு விடுங்கோ, அம்மா. தேத்தண்ணி குடிக்காமல் எங்கட சனம் பேனையைத் தொடாது. எங்கட லாசால் பகுதியில இருபத்திநாலு வீடு, இருபத்திநாலு தேத்தண்ணி. சிவநேசம் மாமி ரெண்டாவது கப்பும் வாத்தவ. இனி என்னால அடக்கேலாது.

என்னது? அப்பாவோ பாத்றூமுக்க? பேப்பரும் கொண்டு போட்டாரோ? அப்ப அரைமணித்தியாலம்!

தள்ளுங்கோ. அந்தக் கதவையும் தட்டுறன். அவரும் சங்க மெம்பர்தானே, உங்களிட்டைத் தந்த பேனையை இஞ்ச தாங்கோ.