வலது பக்கமா ஏறுங்க

அந்த பிரஷ்ஷைக் கீழ வைங்க டாக்டரம்மா. அது சரிப்படாது. வெளிநாட்டுச் சரக்குன்னு சொல்லி கடைக்காரன் என் தலையில கட்டினது. முடியையும் எடுக்காது, மண்ணையும் எடுக்காது, குதிரைக்குக் கிச்சுகிச்சு மூட்டும், அவ்வளவுதான். இந்தாங்க, இந்த ரப்பர் சீப்பை எடுத்துக்கோங்க. பல்லு ரெண்டு போயிருக்கு, போகட்டும். இதுக்குத்தான் துரை அசையாம நிப்பான். ஆமா, துரைன்னுதான் பேரு. பேரு வச்ச நேரமோ என்னமோ, நடப்பும் துரை நடப்புதான். வாளியில ஒரு துரும்பு கெடந்தா தண்ணியில வாய் வைக்க மாட்டான்.

டிரைவர் ஹாரன் அடிக்கட்டும், விடுங்க. அவருக்கென்ன, குதிரையை வண்டியில ஏத்தி இறக்கினா வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் அல்லாடப் போறது நீங்க. எந்த சீப்பு, எந்த சேணம், லாடத்துக்கு யாருன்னு நீங்கதானே கேட்டீங்க? கேட்டுட்டு வாசலைப் பாத்தா எப்படி? எல்லாத்துக்கும் கடைசியா ஒண்ணு சொல்லணும். அதுக்கு நீங்க சரின்னு சொன்னாத்தான் இவன் இந்த கேட்டைத் தாண்டுவான். எங்க வீட்டுக்காரர் விலை பேசி முடிச்சிருக்கலாம். கயிறு என் கையிலதான் இருக்கு.

நானா? ஐயோ, நான் எங்கம்மா ஏறினேன்! நாற்காலி மேல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். பொண்ணு குதிரை வாங்கினா அம்மா லத்தி அள்ளணும், அதுதானே உலக நியாயம். அள்ளி அள்ளி நானும் பாதி குதிரைக்காரி ஆயிட்டேன். பொண்ணையே ஒரு போன் போட்டுக் கேக்கலாமா? அவ... இங்க இல்ல. எங்க வீட்டுக்காரர் சொல்லலையா? ஆங், படிக்கப் போயிருக்கான்னு சொன்னாரா. சரி. அப்படியே இருக்கட்டும்.

சேணத்துக்கு வருவோம். கடையில தொங்குறது எதையும் வாங்காதீங்க. இதையே எடுத்துட்டுப் போங்க, தைச்சவர் குதிரை முதுகை மூணு தடவை வந்து அளந்துட்டுப் போனார். கால் வைக்கிற வளையம் தொங்குற வார் ஒண்ணு நீளமா, ஒண்ணு குட்டையா இருக்கேன்னு பாக்குறீங்களா? தப்பு ஒண்ணும் இல்ல. இடது வார் வேணும்னே நீளம். பொண்ணுக்கு இடது முட்டி மடங்காது, சின்ன வயசுலேர்ந்தே. அந்தக் காலை நீட்டின வாக்குலதான் உக்காருவா. ஊர்ல எல்லாரும் இடது பக்கம் நின்னு, இடது காலை வளையத்துல வச்சு ஏறுவாங்க. இவளுக்கு அது நடக்காதுல்ல? அதனால துரையையே மாத்திட்டா. வலது பக்கமா ஏறுவா, வலது பக்கமா இறங்குவா. கேட்டுக்கோங்க, நீங்களும் வலது பக்கமாத்தான் ஏறணும். இடது பக்கம் போய் நின்னீங்கன்னா, யாரு இந்த விவரம் கெட்ட மனுஷின்னு உங்களைத் திரும்பிப் பாப்பான்.

வயித்துப் பட்டியை ஒரே தடவையில இறுக்காதீங்க. திருட்டுப்பய மூச்சைப் பிடிச்சு வயித்தை உப்பிக்குவான். நாலடி நடத்திட்டு மறுபடி இறுக்குங்க. இல்லன்னா சேணமும் நீங்களும் சேந்து சரிஞ்சு அவன் வயித்துக்கடியில தொங்குவீங்க. சிரிங்க சிரிங்க. அப்புறம், நீங்க பல் டாக்டர்ங்கிறதுக்காக இவன் வாயில கைய விட்டுடாதீங்க. அதுக்குன்னு ஒரு டாக்டர் வருவார், முன்கோபி, ஆனா கைராசிக்காரர்.

லாடத்துக்கு மட்டும் ஆணிவாயை விட்டுடாதீங்க. எப்பவும் உதட்டுல நாலு ஆணியைக் கவ்விட்டுத்தான் இருப்பார், அதான் அந்தப் பேரு. வாயைத் திறக்கணும்னா ஆணியை எடுக்கணும், அதனால தேவையில்லாமப் பேச மாட்டார். ஒரு தடவை பேசினார். பக்கத்துக் கொட்டடியில ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை இருந்துச்சு, அதுக்குத் துணைக்கு ஒரு கழுதை. குதிரை ஒருநாள் படுத்தது, எழுந்திரிக்கல. தார்ப்பாயைப் போட்டு மூடி வண்டியில ஏத்தப் போனாங்க. கழுதை உள்ள நின்னு கத்துது பாருங்க, காது கொடுத்துக் கேக்க முடியல. ஆணிவாய்தான் ஆணியைத் துப்பிட்டு, மூடாதீங்க, காட்டுங்கன்னார். குதிரைக்காரங்ககிட்ட அது பழக்கமாம். துணை போயிட்டா மத்ததைக் கூட்டிட்டு வந்து காட்டணும். கழுதை வந்து மோந்து பாத்துச்சு. முன்னங்காலால ஒரு தட்டு தட்டுச்சு, பிடரி மயிரைக் கவ்வி இழுத்துச்சு. கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு, திரும்பிப் போய்ப் புல்லு தின்ன ஆரம்பிச்சிடுச்சு. காட்டலன்னா காத்துக்கிட்டே இருக்கும்மா. போனதுன்னு அதுக்கு வேற எப்படித் தெரியும்?

இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. புல்லுத் தூசி, கண்ணுல விழுந்திடுச்சு.

அந்தக் கல்லா? அதுவும் உங்களோடதான் வருது. டிரைவர்கிட்ட சொல்லிட்டேன், முறைச்சார், முறைக்கட்டும். அது மேல நின்னுதான் பொண்ணு ஏறுவா. இப்பவும் சாயங்காலம் அவிழ்த்துவிட்டா, துரை தானா வந்து வலது பக்கத்தைக் கல்லோட ஒட்டி நிப்பான். சேணம் கிடையாது, கடிவாளம் கிடையாது, யாரும் கூப்பிடல. கொஞ்ச நேரம் நிப்பான். அப்புறம் மெதுவா நடப்பான், பள்ளம் வந்தா சுத்திப் போவான், அலுங்காம குலுங்காம வேலியோரமா ஒரு சுத்து. திரும்பி இதே கல்லுக்கு வந்து நிப்பான். ஒருநாள் மழை வந்திடுச்சுன்னு நான் ஓடிப்போய்க் கழுத்தைப் பிடிச்சு இழுத்தேன். நகரல. தலையைத் திருப்பித் தன் முதுகைப் பாத்தான். கையை எடுத்துட்டேன். நனைஞ்சுட்டே கூட நின்னேன்.

எங்க வீட்டுக்காரரால அதைப் பாக்க முடியல. அதான் வித்துடலாம்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். என்னால அதைப் பாக்காம இருக்க முடியல. ஆனா அந்த மனுஷனும் ராத்திரி தூங்கணும்ல. சரின்னுட்டேன்.

ஐயையோ, இல்லம்மா! இவன் தள்ளல, இவன் மேல எந்தப் பாவமும் இல்ல, பயப்படாதீங்க. காய்ச்சல்தான். காலையில இவனுக்குச் சீப்புப் போட்டுட்டு, அலுப்பா இருக்கும்மான்னு வந்து படுத்தா. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக்கூடக் கொண்டுவரல, நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. ஒரு நிமிஷம் வண்டியை இந்தப் பக்கம் திருப்புங்கன்னு ஆணிவாய் எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். இந்த நேரத்துல குதிரை ஒரு கேடான்னு பெரியவங்க அதட்டிட்டாங்க. துரைக்கு யாரும் காட்டலம்மா.

அழாதீங்க, நீங்க ஏன் அழுறீங்க. இந்தாங்க, கயிறைப் பிடிங்க. போ சாமி, டாக்டரம்மாகூடப் போ. கடைசியா ஒண்ணு சொல்லணும்னேன்ல, அது இதுதான். அங்க போய்க் கல்லு பக்கத்துல வந்து நின்னான்னா இழுக்காதீங்க, அதட்டாதீங்க. நீங்க பாட்டுக்கு ஒரு ஓரமா நில்லுங்க. கால் மடங்காதுல்ல, அவ இறங்கக் கொஞ்சம் நேரமாகும்.